சுருக்குவலையா, நீள்வலையா, துப்பாக்கியா? ஃபெரெட் வைத்து முயல் பிடிக்கத் தொடங்குமுன்

ஃபெரெட் வளர்க்க ஆசைப்படுபவர்கள் எடுத்த எடுப்பில் விலங்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆணா, பெண்ணா? வெள்ளையா, கறுப்பா? கேட்க வேண்டிய வரிசை வேறு. முயல் குடியிருக்கும் நிலம் எப்படிப்பட்டது என்பது முதல் கேள்வி. அந்த நிலத்தில் எந்த வலை நிற்கும் என்பது அடுத்தது. விலங்கு மூன்றாவதுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பெரிய கடுவன் ஒன்றை வாங்கிக்கொண்டு முட்புதர் வேலியோரம் பத்துச் சுருக்குவலைகளோடு நிற்பவர்களைப் பிரிட்டனில் ஒவ்வொரு நவம்பரிலும் பார்க்கலாம்.

முதலில் ஒரு தெளிவு. ஃபெரெட் நம் கீரிக்குச் சொந்தமில்லை, நீர்நாயின் குடும்பம். ஐரோப்பியக் காட்டு விலங்கான போல்கேட்டிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டில் வளர்ந்து வந்த இனம். நீண்ட உடம்பு, குட்டைக் கால், எந்த வளைக்குள்ளும் நுழைந்துவிடும். அதன் வேலை முயலைப் பிடித்து வருவதல்ல, கிளப்பிவிடுவது. வளைக்குள் அதன் வாடை பட்டதும் முயல் வேறு வாசல் வழியாகப் பாயும். பிடிப்பது வெளியே காத்திருப்பவரின் பாடு. கிரேக்க நிலவியலாளர் ஸ்ட்ராபோ ஸ்பெயின் பகுதியில் நடந்ததாக எழுதி வைத்திருப்பதும் இதையேதான்: வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விடுகிறார்கள், முயல் வெளியே ஓடிவந்ததும் வாசலில் நிற்பவர்கள் பிடிக்கிறார்கள். வாய்க்கட்டை மட்டும் இன்று யாரும் போடுவதில்லை. வளைக்குள் எலியோ பெரிய முயலோ எதிர்த்தால், வாய் கட்டிய ஃபெரெட் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

"இதை ஊரில் செய்யலாமா?" என்ற கேள்வி தமிழரிடம் தவறாமல் வரும். முடியாது, காரணம் இரண்டு. தமிழ்நாட்டுக் காட்டு முயல் வளை தோண்டாது, புல்மறைவில் படுத்திருக்கும். ஃபெரெட்டுக்கு அங்கே வேலையே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அந்த முயலைப் பிடிப்பதும் குற்றம். இங்கே பேசுவது முழுக்கப் பிரிட்டனின் குழிமுயலைப் பற்றி.

அங்கே சட்டம் நேர் எதிர்த்திசையில் போகிறது. 1880ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைப் பயிரிடுபவருக்கு முயலைக் கொல்லும் உரிமையைக் கொடுத்தது. அவரே விரும்பினாலும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே போய், தன் நிலத்து முயலைக் கட்டுப்படுத்துவது பயிரிடுபவரின் கடமை என்றது. ஆகவே விவசாயியிடம் அனுமதி கேட்பது பெரும்பாலும் எளிது. எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டன் வேட்டைக்காரர் சங்கமான பி.ஏ.எஸ்.சி. போன்ற அமைப்பில் உறுப்பினராகிவிட்டால் மூன்றாம் நபர் காப்பீடும் சேர்ந்து வரும். தோண்டிய குழியில் மாடு கால் முறித்துக்கொண்டால் அது உங்கள் கைக்காசைக் காப்பாற்றும்.

ஃபெரெட்டே வேண்டுமா என்பதையும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். நூற்றுக்கணக்கில் முயல் மேயும் திறந்த வயல் என்றால், இரவில் விளக்கோடு போகும் .22 ரைஃபிள் ஃபெரெட்டை எளிதில் முந்திவிடும். வேலி முழுக்க முயல்வலை அடித்த பண்ணையில், அதில் இணைத்து மண்ணில் புதைக்கும் பெட்டிப்பொறி ஆள் இல்லாமலே வேலை செய்யும். அலுமினியம் பாஸ்பைடு வளையின் ஈரம் பட்டதும் நச்சுவாயுவாகும். அதைக் கையாளத் தகுதிச் சான்று வேண்டும், இறைச்சியும் கிடைக்காது. வேலியோரம், மரத்தடி, தோட்டம், கல்லறைத் தோட்டம், குதிரை லாயம் என்று துப்பாக்கி ஒலிக்கக் கூடாத, விஷம் வைக்கக் கூடாத இடங்களில்தான் ஃபெரெட்டுக்கு ஈடே இல்லை.

நிலத்தைப் படிப்பது

செப்டம்பரில் அனுமதி கிடைத்ததும் வலை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். செடிகொடி வாடி, இலை உதிர்ந்த பிறகு ஒருமுறை நடந்து, ஒவ்வொரு வளைத்தொகுதியிலும் எத்தனை வாசல், அதில் எத்தனை கண்ணுக்குத் தெரிகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கிளறிய மண், வழவழப்பான வாசல், ஈரமான புழுக்கை இருந்தால் ஆள் இருக்கிறது. வாசலில் சிலந்தி வலையும் காய்ந்த இலையும் கிடந்தால் வீடு காலி.

நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் பிரெக்லாந்து மணல் இங்கிலாந்து முயலின் பழைய தலைநகரம். இடைக்காலத்தில் முயலை வேலி கட்டி வளர்த்த இடம் அது. தெட்ஃபோர்டில் முயல்காவலரின் கல்வீடு இன்றும் நிற்கிறது. மணலில் வளை ஆழமாகவும் நீளமாகவும் போகும். வலையின் முளை பிடிக்காது. தோண்டினால் சரிந்து மூடிக்கொள்ளும். நடு இங்கிலாந்தின் களிமண் வேலிகளில் வளை ஆழம் குறைவு, முளை இறுகும், தோண்டினால் சுவர் நிற்கும். தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. சுண்ணாம்புக்கல் குன்றில் மண்வெட்டி தெறிக்கும். யார்க்‌ஷயர் டேல்ஸின் சாந்து பூசாத கற்சுவர்களிலும் பாறைக் குவியல்களிலும் முயல் இருந்தால் தோண்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஃபெரெட் உள்ளே தங்கிவிட்டால் அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சுருக்குவலை

பாட்டியின் இடுப்பில் தொங்கும் சுருக்குப்பையைப் பார்த்திருந்தால் இதை விளக்கத் தேவையில்லை. மூன்றரை முதல் நான்கு அடி நீள வலை, இரண்டு அங்குல வலைக்கண், இரு முனையிலும் வளையம், விளிம்பெல்லாம் ஓடும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் மரமுளை. முயல் பாய்ந்ததும் அதன் வேகத்திலேயே கயிறு இழுபட்டு வாய் மூடிக்கொள்ளும்.

வைக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வாசலைச் சுற்றியுள்ள சுள்ளி, வேர்நுனி, முள்ளை முதலில் அகற்றுங்கள். ஒரு சிறு முள் கயிற்றைப் பிடித்தாலும் வாய் மூடாது. கீழ் வளையத்தை வாசலின் அடிவிளிம்பில் வையுங்கள். வலையை மேல்நோக்கி விரித்து, வாசலைச் சுற்றி ஒரு சாண் கூடுதலாக எல்லாப் பக்கமும் படரும்படி விடுங்கள். கயிறு விளிம்பில் தடையின்றி ஓட வேண்டும். முளையை வாசலுக்கு மேலே, இறுகிய மண்ணில், இழுவிசைக்கு எதிர்ச்சாய்வாக அடியுங்கள். மணலில் இந்த முளை பிடுங்கிக்கொள்ளும்; முயல் வலையோடு ஓடும். அங்கே முளையை ஒன்றரை மடங்கு நீளமாகச் சீவிக்கொள்ளுங்கள், அல்லது கயிற்றை வேரில் கட்டுங்கள். வலையை இழுத்துப் பிடித்து விரித்தால் முயல் மோதித் திரும்பிவிடும். அளவு மீறித் தொய்ந்து குழிக்குள் விழுந்தால் ஃபெரெட் சிக்கிக்கொள்ளும்.

முயல் விழுந்ததும் கை நேராக முயலுக்குத்தான் போகும். போகக் கூடாது. முதலில் வாசலைக் காலால் அடையுங்கள், ஏனென்றால் பின்னாலேயே இன்னொன்று வரும். பையிலிருந்து உதிரி வலையை எடுத்து வாசலில் வைத்த பிறகு முயலைக் கவனியுங்கள். கழுத்தை முறித்து உடனே முடிப்பதுதான் கருணை. அதை அனுபவசாலி ஒருவரிடம் செத்த முயலில் பழகிக்கொண்டு வாருங்கள். களத்தில் கற்க வேண்டிய பாடமல்ல அது.

எத்தனை வலை? வாசலுக்கு ஒன்று, கூடவே பத்துக்கு இரண்டு உதிரி. 40 வலை இருந்தால் தனியாளுக்கு ஒரு காலைக்குப் போதும். பத்துப் பத்தாகக் கட்டி வையுங்கள். திரும்பும்போது கட்டை எண்ணினால் போதும், புல்லில் விட்டுவந்த வலை உடனே தெரிந்துவிடும். விட்டுவந்த வலையில் ஆட்டுக்குட்டியோ முள்ளெலியோ சிக்கினால் விவசாயி அடுத்த முறை கேட்டைத் திறக்க மாட்டார். சணல்நூல் வலை கனமாகப் படிந்து உட்காரும், ஆனால் ஈரத்தோடு சுருட்டி வைத்தால் ஒரே பருவத்தில் இற்றுவிடும். மெல்லிய நைலான் வலை மலிவு, இறகுபோல் இருக்கும், காற்றில் எழும்பிச் சிக்கலாகும். தடித்த நூற்பு நைலான் இரண்டுக்கும் நடுவே. முதல் முறை வாங்குபவருக்கு எங்கள் பரிந்துரை அதுவே.

சுருக்குவலையின் பலவீனம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: கண்ணுக்குத் தெரிந்த வாசலை மட்டுமே அது காக்கும். முட்புதருக்குள் மறைந்திருக்கும் ஒரு வாசல் போதும், வளையிலுள்ள எல்லா முயலும் அதன் வழியே போய்விடும். அதோடு, வலை வைக்கும் அரைமணி நேரம் முழுக்க நீங்கள் முயலின் கூரைமேல் நடக்கிறீர்கள். முயல் காலடி அதிர்வைக் கேட்கும். பேச்சு, நாய்க்குரைப்பு, கார்க்கதவு எல்லாம் கிளம்ப மறுக்கும் முயலையே தரும். கிளம்ப மறுக்கும் முயல் உள்ளேயே கொல்லப்படும், ஃபெரெட் அங்கேயே தங்கும், நீங்கள் தோண்டுவீர்கள்.

நீள்வலை

25, 50, 100 கஜ நீளங்களில் வரும். நான்கடிக் கம்புகளில் மேற்கயிறும் கீழ்க்கயிறும் கட்டி, நடுவே வலை தொங்கும். வளைத்தொகுதியைத் தொடாமலே சுற்றி ஒரு சுவர்போல நிறுத்திவிடலாம் என்பதுதான் இதன் அழகு. முட்புதருக்குள் எத்தனை வாசல் மறைந்திருந்தாலும் கவலையில்லை.

ஆனால் பணம் தொய்வில் இருக்கிறது. 50 கஜ நீள்வலை என்றால் 50 கஜம் நிற்க, குறைந்தது 75 கஜ வலைத்துணி அதில் சுருங்கியிருக்க வேண்டும். தொய்வில்லாத மலிவு வலையில் முயல் பந்துபோல் மோதித் தெறித்து மறுபடி வளைக்குள் போகும். கடையில் வாங்கும்போது ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புவரை விரித்து, நடுவே கையைக் குத்திப் பாருங்கள். உங்கள் முழங்கை வரை வலை பையாகக் குழிந்தால் சரி.

நிறுத்தும் இடம் வாசலிலிருந்து மூன்று முதல் ஐந்து கஜம். இன்னும் நெருங்கினால் முயல் வலையைப் பார்த்து நின்று திரும்பிவிடும். அதற்கு வேகம் எடுக்க ஓட்டம் வேண்டும். கீழ்விளிம்பின் தொய்வு முயல் வரும் பக்கமாகத் தரையில் கிடக்க வேண்டும், அதை மிதித்துக்கொண்டே அது பைக்குள் போகும். வேலியில் பிடிக்கிறீர்கள் என்றால் இரு பக்கமும் வலை வேண்டும். வேலியின் இரு முனையையும் குறுக்காக ஒரு சிறு வலையால் அடைக்க வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். வேலியின் நடுவிலேயே, இலைச்சருகுக்குள், ஒரு முயல்பாதை நீளமாக ஓடும்; எல்லாம் அதன் வழியே கைவிட்டுப் போகும்.

காற்று பலமாக அடிக்கும் நாளில் நீள்வலையை வீட்டில் விட்டுவிடுங்கள். பாய்மரம்போல் ஊதி, தொய்வெல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். மாடு நிற்கும் வயலிலும் அதே கதை. சிக்கல் விழுந்த 100 கஜ வலையை மாலை இருட்டில் பிரிப்பது பொறுமைக்கு நல்ல சோதனை. கம்போடு கம்பு சேர்த்து எட்டுப்போல் மடித்துக்கொண்டே எடுக்கும் கூடை அமைப்புள்ள வலை விலை அதிகமானாலும் முதல் வாரத்திலேயே தன்னை நியாயப்படுத்திவிடும்.

துப்பாக்கி, நாய், வல்லூறு

துப்பாக்கி வேகமானது, ஆபத்தும் அதே அளவு. வலை வைக்கும் நேரம் மிச்சம். ஃபெரெட்டை விட்டுவிட்டு, வேலிக்கு இருபுறமும் ஆள் நின்றால் போதும். ஆனால் முயலை ஒட்டியே ஃபெரெட்டும் வெளியே வரும். ஆகவே வாசலில் சுடக் கூடாது. முயல் 20 கஜம் விலகும்வரை விரல் விலகியே இருக்க வேண்டும். ஃபெரெட்டை எடுக்க ஒருவர் குனிந்திருக்கும்போது எல்லாத் துப்பாக்கியும் மடக்கியிருக்க வேண்டும். சுட்டுக் காயப்பட்ட முயல் வளைக்குள் திரும்பினால் அது நம் தோல்வி. முதல் வெடிக்குப் பிறகு மீதி முயல்கள் வெளியே வரத் தயங்கும் என்பதும் உண்டு. ஈயம் பாய்ந்த இறைச்சியை விற்கும் விலையும் குறைவு. மூன்று பேருக்கு மேல் துப்பாக்கி என்றால் நாங்கள் ஃபெரெட்டைப் பெட்டியிலிருந்தே எடுக்க மாட்டோம்.

நாய் மாற்று அல்ல, துணை. நல்ல விப்பெட்டோ லர்ச்சரோ வாசலில் மூக்கை வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு முன்காலைத் தூக்கி அசையாமல் நின்றால் உள்ளே ஆள் இருக்கிறது. அடுத்த வாசலுக்குத் திரும்பிப் பாராமல் போனால் இல்லை. காலி வளைக்கு வலை வைக்கும் ஒரு மணி நேரம் மிச்சம். வலை தவறிய முயலையும் பிடிக்கும். குட்டியிலிருந்தே ஃபெரெட்டோடு வளர்ந்த நாயாக இருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம், நிலத்துக்காரர் அனுமதியோடு முயலை நாயால் பிடிப்பதற்கு விலக்கு அளிக்கிறது. ஸ்காட்லாந்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டம் வேறு, எல்லை தாண்டுமுன் அதைப் படித்துவிடுங்கள்.

ஹாரிஸ் வல்லூறு பார்க்க அழகு. ஃபெரெட்டோடு பழகவும் செய்யும். ஆனால் ஒரு பறவையை ஆண்டு முழுக்க எடை பார்த்து வளர்ப்பது தனி வாழ்க்கை. ஒரு நாளில் அது பிடிக்கும் முயல் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். வல்லூறு ஏற்கெனவே வைத்திருப்பவர் ஃபெரெட் வாங்கலாம். ஃபெரெட் வைத்திருப்பவர் இதற்காக வல்லூறு வாங்க வேண்டாம்.

இப்போது விலங்கு: பெட்டையா, கடுவனா

ஆங்கிலேயர் பெட்டையை ஜில் என்றும் கடுவனை ஹாப் என்றும் சொல்வார்கள். பெட்டை ஒரு கிலோவுக்குள் அடங்கும். கடுவன் ஒன்றரை, இரண்டு கிலோ வரை போகும். சுருக்குவலைக்காரருக்குப் பெட்டைதான். வலைக்கண் வழியே நழுவி வெளியே வரும், வைத்த வலையைக் கலைக்காது, குறுகிய வளையில் வேகமாகத் திரும்பும். கடுவன் வெளியே வரும்போது வலையையும் இழுத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு முறையும் திருத்தி வைக்க வேண்டும்.

நீள்வலைக்கு இந்தக் குறை பொருட்டில்லை. கற்சுவரில், பெரிய மணல் வளையில், முயலோடு மல்லுக்கட்டித் தள்ளும் பலம் கடுவனுக்கு உண்டு. ஆனால் அந்தப் பலமே உள்ளே கொன்றுவிட்டுத் தங்கவும் வைக்கும். மிகச் சிறிய பெட்டைகளை இப்போது சிலர் பெருமையாக விற்கிறார்கள். முயல் முதுகைக் காட்டி முட்டுச்சந்தில் அடைத்துக்கொண்டால் அரைக்கிலோ விலங்கால் ஒன்றும் செய்ய முடியாது. முதுகு மயிரைப் பிராண்டிக்கொண்டே நிற்கும். நகத்தில் முயல்மயிரோடு வெளியே வந்தால் அதுதான் நடந்திருக்கிறது. 700 முதல் 900 கிராம் வரையிலான பெட்டை போதும்.

நிறம் அழகுக்காக மட்டுமல்ல. வெள்ளை, செம்மண் நிறம் இரண்டும் மாலை இருட்டிலும் முட்புதரிலும் கண்ணில் படும். துப்பாக்கிக்காரர் முயலென்று தவறமாட்டார். கருமுகம் கொண்ட விலங்கு காய்ந்த இலைமேல் கரைந்துவிடும். வெள்ளை வேகமாக வேலை செய்யும், கறுப்பு பலமாகக் கடிக்கும் என்பதெல்லாம் வெறும் பேச்சு. கடிப்பதும் கடிக்காததும் குட்டியில் எத்தனை முறை கையில் எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

எண்ணிக்கை: இரண்டு. ஒன்று தனிமையில் வாடும். அது களைத்தால் அன்றைய வேலை முடிந்தது. நான்கு வைத்தால் கோடையில் நான்கு வாய்க்கும் தீனி தேட வேண்டும். 1953இல் கென்ட்டில் தொடங்கிய மிக்ஸோமடோசிஸும், 1990களில் வந்த ரத்தக்கசிவு நோயும் பிரிட்டன் முயலைப் பல இடங்களில் பெரிதும் குறைத்துவிட்டன. பழைய காலத்து ஆள் பத்து ஃபெரெட் வைத்திருந்தார் என்பது இன்றைய கணக்குக்கு உதவாது. இந்த இரு நோயும் ஃபெரெட்டுக்குத் தொற்றாது. நாய்களின் டிஸ்டெம்பர் தொற்றும், தொற்றினால் பிழைக்காது; தடுப்பூசி உண்டு. உங்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்றால் அதுவும் தொற்றும், அந்த வாரம் தீனி போட வேறு ஆளை அனுப்புங்கள்.

பெட்டையின் வசந்தகாலம்

விலங்கு வாங்குபவர் விற்பவரிடம் கேட்க மறப்பதும், விற்பவர் சொல்ல மறப்பதும் இதுதான். மார்ச் மாதவாக்கில் பெட்டை பருவத்துக்கு வரும். இணை சேர்ந்தால்தான் அதற்குக் கருமுட்டை வெளிப்படும். சேராவிட்டால் பருவம் அணையாமல் கோடை முழுதும் நீளும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கொண்டே போய் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தம் ஊறுவது நிற்கும். பெண்குறி அவரைக்கொட்டைபோல் வீங்கியிருப்பது ஆரம்ப அடையாளம். ஈறு வெளுத்தால் காலம் கடந்துவிட்டது. ஒரு மாதம் அப்படியே விடுவதுகூடத் தவறு.

வழிகள் ஐந்து. குட்டி போடவிடுவது இயற்கையானது: 42 நாள் சினை, ஆறேழு குட்டி, சில சமயம் அதற்கும் மேல். ஆனால் அத்தனைக்கும் நல்ல வீடு தேடும் வேலை உங்கள் தலையில். விற்க முடியாத குட்டிகளால்தான் மீட்பு நிலையங்கள் நிறைகின்றன.

விந்துக்குழாய் வெட்டிய கடுவனை விடுவது பழைய வேட்டைக்காரர் வழி. இணை சேரும், குட்டி வராது, பெட்டை ஆறு வாரம் பொய்ச்சினையில் கிடக்கும். பிறகு மறுபடி பருவம் வரும், மறுபடி விட வேண்டும். ஒரு கோடையில் இரண்டு மூன்று முறை. வெட்டிய பின் ஆறேழு வாரம் காத்திருக்காவிட்டால் குட்டியும் வரும். கழுத்தைக் கவ்வி இழுக்கும் அந்த இணைசேர்தல் மணிக்கணக்கில் நீளும், முதல்முறை பார்ப்பவர் சண்டை என்று பிரிக்க ஓடுவார். அந்தக் கடுவனின் வாடையும் வசந்தத்துச் சண்டையும் அப்படியே இருக்கும். பல வீட்டுப் பெட்டைக்கு அதை இரவல் தருவதில் அலூஷன் நோய் என்ற வைரஸ் தொற்று பரவும். அதற்குத் தடுப்பூசி இல்லை. ஐந்தாறு பெட்டை உள்ளவருக்கு இது லாபம். இரண்டு உள்ளவருக்கு, ஒரு கடுவனைச் சும்மா வைத்துத் தீனி போடும் ஏற்பாடு.

புரோலிஜெஸ்டோன் ஊசி கால்நடை மருத்துவர் ஆண்டுக்கொருமுறை போடுவது. பருவம் தொடங்கும்போது ஒன்று. பெரும்பாலும் அந்தக் கோடைக்குப் போதும், சிலவற்றுக்கு இரண்டாவது தேவைப்படும். ஊசி போட்ட இடத்தில் மயிர் உதிரலாம். அடுத்த ஆண்டு குட்டி வேண்டும் என்று நினைப்பவருக்கு இதுவே ஏற்றது. போட மறந்த ஆண்டில்தான் விபரீதம்.

டெஸ்லோரெலின் என்ற சிறு குச்சியைத் தோலுக்கடியில் வைப்பது நான்காவது வழி. ஓராண்டுக்கு மேல், பலவற்றில் இரண்டாண்டு வரை நிற்கும். கடுவன்களுக்கென உரிமம் பெற்ற மருந்து. பெட்டைக்கு மருத்துவர் தம் பொறுப்பில் பயன்படுத்துவார். வைத்த முதல் இரு வாரத்தில் பருவம் சிறிது கிளர்ந்து பிறகு அடங்கும், பயப்பட வேண்டாம்.

ஐந்தாவது, சூலகங்களையும் கருப்பையையும் அறுவையில் எடுத்துவிடுவது. ஒரே செலவு, மறதிக்கு இடமில்லை. ஆனால் சில ஆண்டு கழித்து அட்ரீனல் சுரப்பி நோய்க்கு வாய்ப்பு கூடும்: வால் அடியிலிருந்து மயிர் கொட்டத் தொடங்கும், அறுவை செய்த பெட்டைக்குப் பெண்குறி மறுபடி வீங்கும்.

இரண்டு பெட்டை வைத்து, குட்டி வேண்டாம் என்பவருக்கு எங்கள் தேர்வு தோலடிக் குச்சி. வைத்த தேதியைக் கூண்டுக் கதவின் உட்பக்கம் எழுதிவிடுங்கள். கைப்பேசி நினைவூட்டலைவிட அது கண்ணில் படும்.

வீடும் தீனியும்

சுருக்கமாகவே சொல்லலாம். இரண்டு பெட்டைக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரக் கூண்டு குறைந்தபட்சம். ஆறுக்கு நான்கு அடி அடைப்பறை அதைவிட நல்லது, ஓடியாடும், தசை தளராது. கம்பிவலை அரை அங்குலம், பற்றவைத்தது. கோழிவலையில் குட்டி நழுவிவிடும். தலை நுழையும் இடைவெளி எதிலும் உடம்பும் நுழையும். நிழல் முக்கியம். குளிரைத் தாங்கும் விலங்குக்கு 30 பாகை வெயிலில் மூடிய கூண்டு உயிர்க்கொல்லி. ஒரே மூலையில் பின்வாங்கிப் போய்த்தான் கழிக்கும், அந்த மூலையைத் தினம் சுத்தம் செய்தால் வாடை பாதியாகும்.

ரொட்டியும் பாலும் போட்டு வளர்த்தது அந்தக் காலம். வயிற்றுப்போக்கும் அந்தக் காலத்தோடு போகட்டும். இது முழு மாமிச உண்ணி. தீனி மூன்று நான்கு மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும், ஆகவே எப்போதும் ஏதாவது இருக்க வேண்டும். தோலோடு மயிரோடு முயல் சிறந்தது: எலும்பு சுண்ணாம்பு தரும், மயிர் பல்லைத் துலக்கும். ஆனால் ஒளித்து வைக்கும் பழக்கம் உண்டு, கோடையில் ஈ மொய்க்குமுன் படுக்கைக்குள் தேடி எடுங்கள். ஈரலில் வெண்புள்ளி இருந்தால் ஈரலைப் போடாதீர்கள். ஃபெரெட் உலர்தீனி வசதி. 35 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உள்ளதைப் பாருங்கள். ஒருநாள் கோழிக்குஞ்சு மலிவு, அதையே தினமும் போட்டால் எலும்பு மெலியும். எங்கள் வழக்கம் கோடையில் உலர்தீனி, வேட்டைப் பருவத்தில் முயல்.

வேட்டைக்கு முந்தைய இரவு வழக்கமான தீனி, காலையில் ஒரு கவளம். பட்டினி போட்டால் உள்ளே கொன்று தின்றுவிட்டு அங்கேயே உறங்கும்.

தங்கிவிட்டால்

கழுத்தில் கட்டும் ஒலிபரப்பியும் கையில் பிடிக்கும் கருவியும் இல்லாமல் களத்துக்கு வர வேண்டாம். அது வருமுன் பெரிய கடுவனின் கழுத்தில் கஜத்துக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றைக் கட்டி உள்ளே அனுப்பி, முடிச்சை எண்ணி, எங்கே தோண்டுவது என்று கணக்கிட்டார்கள். இன்று கருவியின் ஒலி அதிகமாகும் இடத்தில் நின்று, ஆழத்தைப் படித்து, நேராக இறங்கினால் போதும். இரண்டு ஃபெரெட்டுக்கும் கழுத்துப்பட்டை தனித்தனி, மின்கலம் அன்று காலை மாற்றியது, மூடி நாடாவால் ஒட்டியது. பட்டை தளர்ந்தால் வேரில் மாட்டும், இறுகினால் மூச்சு முட்டும்; ஒரு விரல் நுழைய வேண்டும்.

குறுகிய மண்வெட்டியால் தோண்டி, கடைசி ஓரடியைக் கையால் எடுங்கள். வளை திறந்ததும் கையை உள்ளே திணிக்காதீர்கள். இருட்டில் அசையும் எதையும் அது முயலென்றே எடுத்துக்கொள்ளும். எடுக்கும்போது வெடுக்கென்று பிடுங்கவும் கூடாது. இரண்டுமுறை பிடுங்கினால், பிறகு ஆயுளுக்கும் வாசலில் தலையைக் காட்டிவிட்டு உள்வாங்கும் விலங்காகிவிடும். கை தரையோடு, மெதுவாக, தோளுக்குக் கீழே. குழியை மிதித்து மூடி, புல்துண்டை மேலே வைத்துவிட்டு வாருங்கள்.

பிப்ரவரி கடைசியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்குமேல் வளைக்குள் குட்டிகள் இருக்கும். ஃபெரெட் ஒவ்வொரு கூட்டிலும் தங்கும், தோண்டியே பொழுது சாயும்.

இருட்டும்வரை வராவிட்டால் பதற வேண்டாம். அது படுத்து வந்த பெட்டியை, அதே வைக்கோலோடு, கதவைத் திறந்து, கடைசியாக நுழைந்த வாசலில் வையுங்கள். மற்ற வாசல்களை மண்ணால் அடையுங்கள். ஒரு முயல் ஈரலைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, விடிவதற்கு முன் திரும்பி வாருங்கள். பெரும்பாலும் உள்ளே சுருண்டு கிடக்கும். அப்படியும் காணவில்லை என்றால் பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொல்லி வையுங்கள், கோழிக்கூடு உள்ள வீட்டுக்கு முதலில்.